விடுப்பும் விடுமுறையும்: தொழிலாளர் கடற்கரை இல்லங்கள் பற்றிய நினைவெழுத்தும் தமிழாக்கமும்

1. சிக்கல்

மொழிபெயர்ப்பில் பண்பாட்டுச் சொற்கள் என்றவுடன் உணவு, உடை, உறவுமுறை, சடங்கு ஆகியவற்றின் பெயர்களே நினைவுக்கு வருகின்றன. அலுவலகமும் தொழிற்சங்கமும் அரசாணையும் பிறப்பித்த சொற்கள் அந்த வரிசையில் வைத்து எண்ணப்படுவது அரிது. அவை கலைச்சொற்கள், அகராதியில் நிகரன் ஒன்றைக் கண்டால் போதும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஒரு தலைமுறையின் குழந்தைப் பருவம் இத்தகைய சொற்களின் ஊடேயே கழிந்திருக்குமானால் அவற்றை எவ்வாறு மொழிபெயர்ப்பது?

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புவது, பொதுவுடைமைக் கட்சிகள் ஆண்ட கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் வளர்ந்தவர்கள் தம் இளமைக்காலக் கடற்கரை நாள்களைப் பற்றி எழுதும் நினைவெழுத்து. கருங்கடல் ஓரத்திலும் பால்டிக் கடல் ஓரத்திலும் தொழிற்சங்கங்களும் ஆலைகளும் நடத்திய இல்லங்களில் அவர்கள் ஆண்டுக்கு ஓரிரு வாரங்களைக் கழித்தனர். 1989-க்கும் 1991-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வாட்சிகள் வீழ்ந்தபின் இவ்வகை எழுத்து பல மொழிகளிலும் பெருகியது.

சோவியத் காலத்தில் ரஷ்ய எழுத்து தமிழுக்கு வந்த வழி வேறு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், பின்னர் ராதுகா பதிப்பகமும் தமிழ் நூல்களை வெளியிட்டன. ரஷ்யம் அறிந்த தமிழர்கள் அங்கேயே தங்கி மொழிபெயர்த்தனர். 1991-க்குப் பின் அவ்வழி அடைபட்டது. இன்று அந்நாடுகளின் எழுத்து தமிழை வந்தடையும்போது பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வருகிறது. ஆங்கிலம் இச்சொற்களின் உட்பொருளைப் பல இடங்களில் கரைத்துவிடுகிறது. அதே பொருளை ஆங்கிலத்தைக் காட்டிலும் துல்லியமாகத் தாங்கும் சொற்களும் தொடரமைப்புகளும் தமிழில் முன்பே உள்ளன. ஆங்கிலத்தை மட்டும் நோக்கி மொழிபெயர்ப்பவர் மூலத்தை இழப்பதோடு தம் மொழியில் இருப்பதையும் பயன்படுத்தத் தவறுகிறார். இக்கட்டுரை நிறுவ முற்படுவது இதுவே.

2. இல்லங்கள்: வரலாற்றுப் பின்னணி

இவ்வில்லங்களின் வரலாறு 1920-இல் தொடங்குகிறது எனலாம். அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று, கிரிமியாவைத் தொழிலாளரின் சிகிச்சைக்குப் பயன்படுத்துவது பற்றிய ஆணையில் லெனின் கையொப்பமிட்டார். அரச குடும்பத்தின் லிவாதியா அரண்மனை 1925-இல் உழவர்களுக்கான நலவாழ்வு இல்லமாயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதம் ஆயு-தாக் மலையடிவாரத்தில் கூடாரங்களில் அர்த்தேக் சிறுவர் முகாம் திறக்கப்பட்டது. 1936-ஆம் ஆண்டுச் சோவியத் அரசமைப்பின் 119-ஆம் பிரிவு ஓய்வை உரிமையாக அறிவித்தது. அவ்வுரிமையை நடைமுறைப்படுத்தும் வழிகளுள் நலவாழ்வு இல்லங்களையும் ஓய்வு இல்லங்களையும் பெயர் சுட்டிக் குறிப்பிட்டது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இம்முறை கிழக்கு ஐரோப்பா முழுவதும் பரவியது. கிழக்கு ஜெர்மனியாக உருவாகவிருந்த பகுதியில் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் விடுமுறைப் பணியகம் 1947-இல் தோன்றியது. போலந்தில் தொழிலாளர் விடுமுறை நிதியம் 1949-இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. கடலற்ற ஹங்கேரியில் தொழிற்சங்கப் பேரவையின் இல்லங்கள் பாலதோன் ஏரிக்கரையில் நிறைந்தன. அவ்வேரியை ஹங்கேரியர் தம் கடல் என்றே வழங்கினர்.

இங்கு ஒரு வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் முதலிலேயே மனத்தில் கொள்ளவேண்டும். சோவியத் ஓய்வு இல்லம் நெடுங்காலம் தனியொரு தொழிலாளிக்கான இடமாகவே இருந்தது. களைத்த உடலைச் சீர்செய்து உழைப்புக்குத் திருப்பி அனுப்புவது அதன் நோக்கம். தொடக்க காலத்தில், தங்கியவரின் உடல் எடை கூடியதா என்பதே சிகிச்சையின் வெற்றிக்கு அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. தாய் ஒரு மாதம், தந்தை வேறொரு மாதம், குழந்தை சிறுவர் முகாமில் என்று குடும்பம் மூன்றாகப் பிரிந்து ஓய்வெடுப்பது இயல்பாயிருந்தது. பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து தங்கும் வாய்ப்பு அங்கு 1960-களுக்குப் பின்னரே மெல்லப் பெருகியது. கிழக்கு ஜெர்மனியிலோ குடும்பம் சேர்ந்து செல்லும் வழக்கம் வலுவாக இருந்தது. ஆகவே 'குடும்பத்தோடு கடற்கரை' என்ற ஒரே படத்தை எல்லா மூலங்களின் மீதும் ஏற்றுவது பிழையாகும். ரஷ்ய நினைவெழுத்தில் கடல் பெற்றோரற்ற கடலாக இருக்கும்போது, அது எழுத்தாளரின் தனிப்பட்ட துயரமா, காலத்தின் பொதுவழக்கா என்பதை வாசகர் உணருமாறு மொழிபெயர்ப்பு அமையவேண்டும்.

3. இரு விடுமுறைகள்

ஆங்கிலத்தின் 'ஹாலிடே' என்னும் சொல் பள்ளிப் பிள்ளைக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் பொது. மூலமொழிகள் பலவற்றில் அவ்வாறில்லை. ஜெர்மனில் தொழிலாளி எடுப்பது 'உர்லாவுப்'. பிள்ளைக்குக் கிடைப்பது 'ஃபெரியன்'. முன்னது இடைக்கால ஜெர்மனில் 'புறப்பட்டுச் செல்ல அனுமதி' என்னும் பொருளுடையது. பின்னது இலத்தீனில் திருநாள்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ரஷ்யத்தில் தொழிலாளிக்கு 'ஓத்புஸ்க்'. அது 'போகவிடு' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். பிள்ளைக்குக் 'கனீக்குலி', அது கோடை வெப்பத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட நாய்மீனின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. போலிஷ் மொழி தொழிலாளியின் விடுப்புக்கு ஜெர்மன் சொல்லையே கடன்பெற்று 'உர்லோப்' என்கிறது. பள்ளி விடுமுறைக்கு வேறு சொல் உண்டு. ஹங்கேரியத்தில் தொழிலாளியின் விடுப்பு 'ஸபட்ஷாக்'. அச்சொல்லின் முதற்பொருள் விடுதலை.

இவ்வேறுபாட்டைத் தமிழ் தன்னியல்பாகவே காக்கிறது. அலுவலர் எடுப்பது விடுப்பு. பள்ளிக்கு விடுவது விடுமுறை. 'விடு' என்னும் வேரிலிருந்து 'விடுப்பு' பிறந்ததும், 'போகவிடு' என்னும் வினையிலிருந்து 'ஓத்புஸ்க்' பிறந்ததும் ஒரே பொருட்போக்கைக் காட்டுகின்றன. இலங்கைத் தமிழில் பள்ளி விடுமுறையை 'விடுதலை' என்று வழங்கும் மரபு ஹங்கேரியச் சொல்லோடு ஒப்புநோக்கத்தக்கது. பேச்சுத் தமிழில் 'லீவு' என்னும் கடன்சொல் இரண்டையும் ஒன்றாக்கியது போலத் தோன்றினும், உடன்வரும் வினை அவற்றைப் பிரித்துவிடுகிறது. பள்ளிக்கு லீவு விடுவார்கள். ஊழியர் லீவு போடுவார். முன்னது மேலிருந்து வருவது. பின்னது கேட்டுப் பெறுவது.

இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தி அன்று. கிழக்கு ஜெர்மன் தொழிற்சங்கம் தன் இல்லத்துக்கு 'ஃபெரியன்ஹைம்' என்றும், தன் சீட்டுக்கு 'ஃபெரியன்ஷெக்' என்றும் பெயரிட்டது. அங்கே செல்பவர் எடுத்திருப்பதோ 'உர்லாவுப்'. தொழிலாளியின் விடுப்பு நாள்களைப் பள்ளிப் பிள்ளையின் விடுமுறைச் சொல்லால் அவ்வமைப்பு அழைத்தது. நினைவெழுத்தில் தந்தையின் விடுப்பும் மகளின் விடுமுறையும் பொருந்தி வந்த ஆண்டு, பொருந்தாத ஆண்டு என்ற கணக்கு அடிக்கடி எழக்கூடும். பள்ளி விடுமுறைக் காலத்துச் சீட்டுகளுக்கே போட்டி மிகுதி. பிள்ளைகள் உள்ளவர் அவற்றுக்குக் காத்திருந்தனர். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லைப் பின்பற்றித் தமிழிலும் எங்கும் 'விடுமுறை' என்றே எழுதினால் இக்கணக்கு மறைந்துபோகும். அப்பா ஏன் விடுப்புக்கு ஓராண்டுக்கு முன்பே எழுதிக்கொடுத்தார் என்பது வாசகருக்கு விளங்காது.

4. சீட்டு

கடற்கரைக்குச் செல்லும் உரிமையைத் தரும் தாளுக்கு ரஷ்யத்தில் 'புத்யோவ்கா' என்று பெயர். இதன் அடிச்சொல் 'பாதை' என்னும் பொருளுடையது. வண்டியோட்டிக்குத் தரப்படும் பயணத்தாளும் புத்யோவ்காவே. இளைஞரைத் தொலைநிலங்களுக்கு வேலைக்கு அனுப்ப இளம் பொதுவுடைமையர் சங்கம் வழங்கியதும் புத்யோவ்காவே. சோவியத்தின் முதல் பேசும் கதைப்படமாகக் கருதப்படும் 1931-ஆம் ஆண்டுப் படத்தின் தலைப்பிலும் இச்சொல் உண்டு. அங்கே அது, தெருவில் திரிந்த சிறுவரை வாழ்க்கைக்குள் அனுப்பும் சீட்டு.

போலிஷ் மொழியில் இத்தாளின் பெயர் 'ஸ்கெரோவானியே'. மருத்துவர் நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பத் தரும் தாளுக்கும் அதே பெயர். ஹங்கேரியத்தில் 'பெஉதாலோ'; அங்கும் மருத்துவரின் பரிந்துரைத் தாளுக்கு அதுவே சொல். ரஷ்யமும் போலிஷும் ஸ்லாவிய மொழிகள். ஹங்கேரியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. குடும்ப உறவால் விளக்க இயலாத இப்பொருள் ஒற்றுமைக்கு நிறுவன ஒற்றுமையே காரணம் எனக் கொள்ளலாம். மூன்றிலும் பயணம் செய்பவர் தாமாகப் போவதில்லை, அனுப்பப்படுகிறார். ஓய்வு என்பது சிகிச்சையின் நீட்சி. இல்லத்தின் வாயிலில் மருத்துவச் சான்று கேட்கப்பட்டதும், அங்கே மருத்துவர் இருந்ததும் இதனோடு இயைந்தவை.

ஆங்கிலத்தில் இம்மூன்றும் 'வவுச்சர்' ஆகின்றன. அது வணிகச் சொல். அதைத் தமிழில் 'கூப்பன்' என்றோ 'சலுகைச் சீட்டு' என்றோ ஆக்கும்போது, அனுப்புதல் என்னும் கருத்து முற்றாக மறைந்து, கடையில் பொருள் வாங்கியவருக்குக் கிடைத்த பரிசு போன்ற தோற்றம் எழுகிறது. மறுபக்கம் 'ஒதுக்கீட்டு ஆணை' என்றால் பொருள் ஓரளவு பொருந்தும், குரல் பொருந்தாது. எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் புத்யோவ்கா என்பது எளிய வீட்டுச்சொல். அம்மாவின் கைப்பையில் மடித்து வைத்த தாள் அது. எனவே முதலிடத்தில் 'அனுப்புச்சீட்டு' என்று கூறிப் பின்னர் 'சீட்டு' என்றே தொடர்வது தக்கது. மருந்துச் சீட்டு, பயணச் சீட்டு ஆகிய இரண்டின் சாயலும் தமிழ்ச் 'சீட்டி'ல் உண்டு; அவ்விரண்டும் மூலத்திலும் உள்ளவையே.

சீட்டின்றித் தாமாகவே கடற்கரைக்குச் சென்று, தனியார் வீட்டில் அறை பிடித்தோ கூடாரமடித்தோ தங்கியவரை ரஷ்யர் 'திக்கார்' என்றனர். 'காட்டுமனிதர்' என்பது நேர்ப்பொருள். செர்கேய் மிகல்கோவ் இதையே தலைப்பாக்கி ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார்; 1963-இல் அது திரைப்படமாகவும் வந்தது. இச்சொல்லில் இகழ்ச்சியும் பெருமையும் ஒருங்கே உள்ளன. ஆங்கிலத்தின் வழி வரும் 'ஒழுங்கமைக்கப்படாத பயணிகள்' என்பது உயிரற்ற தொடர். தமிழின் 'காட்டான்' இதற்கு இயல்பாகப் பொருந்தும். 'அந்த ஆண்டு சீட்டு இல்லை. காட்டான்களாகவே கடலுக்குப் போனோம்' என்னும் வாக்கியம் தமிழில் விளக்கக் குறிப்பு வேண்டாமலே நிற்கிறது.

5. ஷிப்டு, முகாம், அடங்கு நேரம்

இல்லத்திலும் சிறுவர் முகாமிலும் தங்கும் காலம் தவணைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. போலிஷில் அத்தவணை 'துர்னுஸ்'. ரஷ்யத்தில் சிறுவர் முகாமின் தவணை 'ஸ்மேனா'. ஸ்மேனா என்பது ஆலையின் வேலைமுறைக்கும் பெயர். மாற்று உடுப்புக்கும் பெயர். அடுத்து வந்து இடத்தை நிரப்பவிருக்கும் இளந்தலைமுறைக்கும் பெயர். ஆலையில் தாய் இரண்டாம் ஸ்மேனாவில் நிற்க, பிள்ளை கடற்கரையில் இரண்டாம் ஸ்மேனாவில் இருக்கும். மூலத்தில் இவ்விரண்டும் ஒரே சொல் என்பது எழுத்தாளர் வலிந்து செய்த அணி அன்று. மொழி அவருக்குத் தந்தது.

இதற்குத் தூய தமிழில் 'பணிமுறை', 'பருவம்', 'தவணை' எனப் பல சொற்கள் முன்வைக்கப்படலாம். அவற்றுள் எதுவும் ஆலைக்கும் பிள்ளைக்கும் பொதுவாக நிற்பதில்லை. 'ஷிப்டு' நிற்கிறது. ஆலைத் தொழிலாளி முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு என்கிறார். இடப்பற்றாக்குறையால் காலையும் மாலையுமாக நடந்த பள்ளிகளில் பிள்ளைகளும் அதே சொல்லைச் சொன்னார்கள். கடன்சொல்லை விலக்கும் கொள்கை உடையவரும், ஒரு கடன்சொல் தமிழில் ஈட்டியிருக்கும் வாழ்வனுபவத்தை எண்ணிப்பார்த்தபின் முடிவுசெய்வது நன்று.

'முகாம்' என்பது இன்னும் கடினமான இடம். ரஷ்ய 'லாகிர்' ஜெர்மன் 'லாகர்' என்பதிலிருந்து வந்தது. கோடைக்காலச் சிறுவர் முகாமுக்கும் கைதிகளை அடைத்த முகாமுக்கும் இரு மொழிகளிலும் அதே சொல் பயன்பட்டது. நினைவெழுத்தாளர் சிலர் இவ்விரட்டைப் பொருளை வேண்டுமென்றே இயக்குவர். பலர் அதை அறவே எண்ணாமல் எழுதுவர். தமிழ் 'முகாமு'க்கும் தனக்கென ஒரு நிழல் உண்டு. கண் சிகிச்சை முகாம், மாணவர் படை முகாம் என்னும் நல்ல இடங்களிலும், அகதி முகாம் என்னும் துயர இடத்திலும் அது வழங்குகிறது. ஆகவே 'முகாம்' என்றே விடுவது மூலத்தின் இருமுகத்தையும் ஏறக்குறையக் காக்கும். 'கோடைக் கொண்டாட்ட முகாம்' என்பது போன்ற அடைமொழிகளைச் சேர்த்து அந்நிழலை அகற்றுவதும், 'அடைப்பு முகாம்' என்று நிழலை மட்டும் நிறுத்துவதும் மொழிபெயர்ப்பாளரின் தீர்ப்பை மூலத்தின் மீது சுமத்துவதாகும்.

பகலுணவுக்குப் பின் பிள்ளைகள் படுத்தே தீரவேண்டிய நேரத்துக்கு ரஷ்யத்தில் 'மியோர்த்வி சாஸ்' என்று பெயர். நேர்ப்பொருள் 'இறந்த மணிநேரம்'. 'அமைதி மணிநேரம்' என்று பொருள்படும் மென்மையான பெயரும் வழக்கில் உண்டு. அர்த்தேக்கில் அதற்கு 'அப்சல்யூத்' என்று தனிப்பெயரே இருந்தது. முழு அமைதி என்பது கருத்து. சொல்லுக்குச் சொல் சென்று 'செத்த நேரம்' என்று ஆக்குபவர் எதிர்பாராத இடரில் சிக்குவார். பேச்சுத் தமிழில் 'செத்த நேரம்' என்பது 'சற்று நேரம்' என்பதன் மரூஉ. 'செத்த நேரம் இரு' என்றால் கொஞ்சம் பொறு என்றே பொருள். உறங்க மறுத்து விழித்துக் கிடக்கும் பிள்ளைக்கு முடிவற்றதாகத் தோன்றும் நேரம் அவ்வாறு ஒரு நொடியாகச் சுருங்கிவிடும். 'அடங்கு நேரம்' என்பதைக் கருதலாம். ஊரடங்கு, மூச்சடங்கல், சொல்லுக்கு அடங்கல் ஆகிய மூன்றும் அவ்வேரில் உள்ளன. அமைதி, இறப்பு, கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் மூலத்தின் பிள்ளையும் அறிந்திருந்தது.

6. இல்லம், விடுதி, வீடு

ஆங்கிலத்தின் 'வெக்கேஷன் ஹோம்' இன்று பெரும்பாலும் வசதி படைத்தவரின் இரண்டாவது சொந்த வீட்டைக் குறிக்கிறது. அதை 'விடுமுறை வீடு' என்று தமிழாக்கினால் உடைமையே இல்லாத ஓர் ஏற்பாடு உடைமையாகிவிடும். 'விடுதி' என்றால் பணம் கொடுத்துத் தங்கும் இடம் என்ற பொருளே முந்தும். 'ஓய்வு இல்லம்' ரஷ்யப் பெயருக்கு நேரானது எனினும், ஓய்வு பெற்றோர் தங்கும் இடம் என்ற மயக்கம் தமிழில் எழும்.

ஜெர்மன் 'ஹைம்' என்னும் சொல்லின் வழக்கு இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. முதியோர் தங்குமிடம், ஆதரவற்ற குழந்தைகள் வாழுமிடம், தொழிலாளர் விடுமுறைக்குச் செல்லுமிடம் எல்லாம் 'ஹைம்'. தமிழில் முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என 'இல்லம்' அதே பணியைச் செய்கிறது. வீட்டின் கனிவைக் கடன்வாங்கி நிறுவனத்துக்குச் சூட்டும் சொல் அது. 'விடுமுறை இல்லம்' என்பதே பொருத்தமான தமிழ். இந்தியாவில் பொதுத்துறை வங்கி ஊழியர்கள் 'ஹாலிடே ஹோம்' என வழங்கும் இடங்களும் தமிழ் வாசகருக்குத் துணைசெய்யும். விண்ணப்பித்தல், ஒதுக்கப்படுதல், குறைந்த கட்டணம் ஆகியவை அங்கும் உண்டு. வேறுபாடு ஒன்றே: இங்கு அது பல வழிகளுள் ஒன்று, அங்கு பலருக்கு அதுவே கடலை அடையும் முதன்மை வழி.

'இல்லம்' என்னும் கனிவான சொல்லுக்குக் கீழே சில இடங்களில் வேறொரு சொல் புதைந்துள்ளது. 1953 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 'ரோஜா நடவடிக்கை' என்னும் பெயரில் கிழக்கு ஜெர்மன் அரசு, ரூகன் தீவு உள்ளிட்ட பால்டிக் கரையின் தனியார் தங்குவிடுதிகள்மீது சோதனை நடத்தியது. பொருளாதாரக் குற்றச்சாட்டுகளின் பேரில் உரிமையாளர் பலர் கைது செய்யப்பட்டனர். 400-க்கும் மேற்பட்ட தங்குவிடுதிகள் பறிமுதலாயின. அக்கட்டடங்கள் பல பின்னர் தொழிலாளர் விடுமுறை இல்லங்களாயின. 'ஓட்டல்' என்ற பலகை இறங்கிய சுவரில் 'ஹைம்' என்ற பலகை ஏறியது. அங்கே மணல்வீடு கட்டிய குழந்தை இதை அறியாது; அதன் மகிழ்ச்சி பொய்யும் அன்று. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அக்குழந்தை எழுத்தாளராகி இவ்வுண்மையை அறிந்தபின் 'ஹைம்' என்று எழுதும்போது அச்சொல்லின் எடை மாறிவிடுகிறது. மூலத்தில் 'ஓட்டல்' என்றும் 'ஹைம்' என்றும் மாறிமாறி வருமிடங்களில் நடை வேறுபாட்டுக்காகச் சொற்களைப் பரிமாறிக்கொள்வது பெருந்தவறு. 'விடுதி', 'இல்லம்' என்னும் பிரிவினை அங்கு கண்டிப்புடன் காக்கப்படவேண்டும்.

இதே இடத்தை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுவது லுட்ஸ் ஸைலரின் 'குரூஸோ' என்னும் ஜெர்மன் நாவல். 2014-ஆம் ஆண்டுக்குரிய ஜெர்மன் புத்தகப் பரிசைப் பெற்றது. 1989 கோடையில் ஹிடன்ஸே தீவில் ஓர் ஆலையின் விடுமுறை இல்லமே அதன் களம். முதன்மை மாந்தன் எட்கர் அங்கே விருந்தினன் அல்லன், பாத்திரம் கழுவுபவன். விருந்தினருக்குக் கடற்கரையாகத் தெரிவது இந்நாவலில் நாட்டின் எல்லையாகத் தெரிகிறது. பால்டிக் கரையில் எல்லைப்படையின் தேடொளி இரவுதோறும் மணலைத் துழாவியது. கடல் வழியே டென்மார்க்குக்கோ மேற்கு ஜெர்மனிக்கோ தப்ப முயன்றோருள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்நாடு நிலவிய காலத்தில் உயிரிழந்தனர். 'கடற்கரை' என்னும் எளிய தமிழ்ச்சொல்லே இங்கு ஐயத்துக்குரியதாகிறது. பிள்ளையின் பார்வையில் 'கடற்கரை', காவலரின் பார்வையில் 'கடல் எல்லை' என்று பிரித்து வழங்குவது ஒரு தீர்வு. மூலத்தில் ஒரே சொல் வருமிடத்தில் இப்பிரிவைச் செய்யாதிருப்பதும் அதே அளவு முக்கியம்.

7. நாமா, நாங்களா?

மேற்கூறியவை சொல்லளவிலான சிக்கல்கள். இலக்கணம் மொழிபெயர்ப்பாளர்மீது சுமத்தும் தேர்வு இவற்றினும் பெரிது. ரஷ்யத்திலும் ஜெர்மனிலும் போலிஷிலும் தன்மைப் பன்மை ஒன்றே. ஆங்கிலமும் அவ்வாறே. தமிழில் முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்' வேறு. உளப்படுத்தாத 'நாங்கள்' வேறு. ஆட்சிமாற்றத்துக்குப் பின் எழுதப்பட்ட நினைவெழுத்து இருவகை வாசகரை நோக்கியது. ஒருவர், அதே சீட்டில் அதே கடலுக்குப் போனவர். மற்றவர், மேற்கில் வளர்ந்தவரோ பின்னர் பிறந்தவரோ. மூலத்தின் 'நாம்-நாங்கள்' பகுபடாததால் எழுத்தாளர் இருவரிடமும் ஒரே நேரத்தில் பேச முடிகிறது. கிழக்கு ஜெர்மானியர் தம் நாட்டைக் குறிக்க வழங்கிய 'பை உன்ஸ்' என்னும் தொடர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அது 'நம்மிடத்தில்' ஆகலாம், 'எங்களிடத்தில்' ஆகலாம்.

எங்கும் 'நாங்கள்' என்று எழுதினால் நினைவு ஒரு வேற்றுநாட்டாரின் வாக்குமூலமாகிறது, வாசகர் விசாரிப்பவராகிறார். எங்கும் 'நாம்' என்றால் ஏக்கம் மிகுந்து, வாசகரும் அந்த ஏற்பாட்டில் பங்குகொண்டவர் போலாகிவிடுகிறார். இவ்வகை எழுத்தைப் பற்றிய பொதுவிவாதமும் இவ்விரு முனைகளிலேயே நிற்கிறது: ஒரு சாரார் அதைப் பழைய ஆட்சிக்கான ஏக்கம் என்று ஒதுக்குகின்றனர், மறுசாரார் இழந்த பொற்காலத்தின் சான்று என்று கொள்கின்றனர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு மாற்றுப்பெயரால் இவ்விவாதத்தில் தம்மையறியாமலே சார்பெடுத்துவிடுகிறார்.

தக்க நெறி, ஒவ்வோர் இடத்திலும் கேட்பவர் யார் என்று வினவுவதே. குடும்பத்தின் செயலைக் கூறுமிடத்தில் 'நாங்கள்'. அதே பருவத்தைப் பகிர்ந்தோரை எழுத்தாளர் விளித்து, 'அந்த மணம் நினைவிருக்கிறதல்லவா' என்பது போலப் பேசுமிடத்தில் 'நாம்'. இம்மாற்றம் ஒரே பத்தியில் நிகழ்ந்தாலும் தயங்க வேண்டியதில்லை. மூலத்தில் புலப்படாது கிடந்த திசைமாற்றத்தைத் தமிழ் வெளிக்கொணர்கிறது. இது சேர்க்கை அன்று, தெளிவு.

இரண்டாவதாக நோக்கத்தக்கது எழுவாய். ரஷ்யத்தில் 'எங்களுக்குப் புத்யோவ்கா கொடுத்தார்கள்' என்பதற்கு எழுவாய் இல்லை. பன்மை வினைமுற்று மட்டும் உண்டு. யார் கொடுத்தது என்பது கூறப்படுவதில்லை. எல்லாரும் அறிவர், எவரும் பெயர் சொல்லார். ஆங்கிலம் இத்தகைய தொடரைப் பெரும்பாலும் செயப்பாட்டு வினையாக்குகிறது. அதிலிருந்து வரும் 'எங்களுக்கு ஒரு சீட்டு வழங்கப்பட்டது' என்னும் தமிழ் அலுவலகக் கடிதம் போல ஒலிக்கிறது. தமிழில் 'ரேஷனில் அரிசி போட்டார்கள்' என்று எழுவாயின்றிப் பேசுவது அன்றாட வழக்கு. ஆகவே 'கொடுத்தார்கள்' என்பதே போதும். தெளிவு கருதி 'அரசு' என்றோ 'தொழிற்சங்கம்' என்றோ எழுவாய் சேர்ப்பது, மூலம் காக்கும் மௌனத்தை உடைப்பதாகும்.

பெறுதலைக் குறிக்கும் வினைகளும் இவ்வாறே. சீட்டுக்கு விலை உண்டு. எனினும் பெரும்பாலும் அதன் ஒரு பகுதியையே தொழிலாளி செலுத்தினார், எஞ்சியதைச் சமூகக் காப்பீடோ தொழிற்சங்கமோ ஏற்றது. எனவே நினைவெழுத்தில் 'வாங்கினோம்' என்னும் வினையை விடக் 'கிடைத்தது' என்னும் வினையே பொருந்தும். 'எங்களுக்கு இடம் கிடைத்தது' என்னும் நான்காம் வேற்றுமை எழுவாய் அமைப்பு, பெறுபவரின் முயற்சியைப் பின்தள்ளி வாய்ப்பை முன்னிறுத்துகிறது. தெரிந்தவர் மூலம், காத்திருந்து, பேசிப் பெற்ற சீட்டுக்குப் போலிஷில் தனி வினை உண்டு. 'சரிக்கட்டி வாங்கினார்' என்னும் தமிழ் வழக்கு அதற்கு மிக நெருங்கியது. உரிமை என்று அரசமைப்பு கூறியதற்கும், 'கிடைத்தது', 'சரிக்கட்டினார்' என்று மக்கள் கூறியதற்கும் இடையிலுள்ள தொலைவே இவ்வெழுத்தின் உள்ளீடு. வினைச்சொல்லைத் தவறவிட்டால் அத்தொலைவு தெரியாது.

8. ஒரு மறுப்பும் விடையும்

குழந்தை இவ்வளவு அறியாதே. மணலும் அலையும் சிப்பியுமே அதன் உலகம். நிறுவனச் சொற்களுக்கு இத்தனை இடம் கொடுத்தால் நினைவெழுத்து ஆவணமாகிவிடாதா என்று வினவலாம். இவ்வினாவில் நியாயம் உண்டு. சொல்லின் வரலாறு முழுவதையும் வாக்கியத்துக்குள் திணிப்பதும், பக்கந்தோறும் அடிக்குறிப்பு இடுவதும் குழந்தையின் குரலைக் கெடுக்கும். ஆனால் இச்சொற்கள் குழந்தைக்கு அயலானவை அல்ல. ஷிப்டு, சீட்டு, முகாம், அடங்கு நேரம் ஆகியவை அலையும் சிப்பியும் போலவே அதன் விளையாட்டுச் சொற்கள். அவற்றின் எடையைப் பின்னாளில்தான் அது அறிந்தது. எனவே மொழிபெயர்ப்பாளர் தேடவேண்டியவை கனமான சொற்கள் அல்ல. பிள்ளை வாயில் இலகுவாகவும் பெரியவர் காதில் கனமாகவும் ஒலிக்கும் சொற்கள். மேலே பரிந்துரைக்கப்பட்டவை அந்நோக்கிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டன.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று: பொதுவுடைமைக் காலக் கடற்கரை நினைவெழுத்தின் நிறுவனச் சொற்களை உறவுமுறைச் சொற்களுக்கு இணையான பண்பாட்டுச் சொற்களாகவே கொள்ளவேண்டும். இரண்டு: விடுப்பு-விடுமுறை, இல்லம்-விடுதி, நாம்-நாங்கள் ஆகிய தமிழ் வேறுபாடுகளுள் முதலிரண்டு மூலத்தில் உள்ளவற்றைக் காப்பன, மூன்றாவது மூலத்தில் இல்லாததைத் தேர்ந்துகொள்ளக் கட்டாயப்படுத்துவது. முன்னவற்றில் நம்பிக்கையும் பின்னதில் எச்சரிக்கையும் வேண்டும். மூன்று: ஆங்கிலத்தின் வழி மொழிபெயர்க்க நேரும்போதும், இச்சொற்களின் மூலவடிவங்களை மட்டுமாவது தேடிப் பார்த்தல் இன்றியமையாதது. கிழக்கு ஐரோப்பிய மொழிகளிலிருந்து நேரடியாகத் தமிழாக்கும் பயிற்சி மீண்டும் வளரும்வரை, ஒரு நூலுக்கு இருபது, முப்பது நிறுவனச் சொற்களின் சிறு பட்டியலை மூலமொழி அறிந்தவரின் துணையோடு முதலில் உருவாக்கிக்கொள்வது எளிதில் செய்யக்கூடிய பணி. சுற்றுலாத் துறையின் சொற்களால் பெயர்த்தால் அக்குழந்தைகள் வசதி படைத்தவராகத் தோன்றுவர். சிறைச்சாலையின் சொற்களால் பெயர்த்தால் கைதிகளாகத் தோன்றுவர். அவர்கள் இரண்டும் அல்லர். சீட்டு கிடைத்த ஆண்டில் கடலைப் பார்த்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.